செயிண்ட் லூசியாவும் மெதுவான சைக்கிளும்

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை. வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடிய சந்தோஷத்தில் நாற்றங்கால் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. தங்கை. எடுத்த எடுப்பில் ஒரே கத்தல்.

"அண்ணே! ஜெயிச்சுட்டோம்!"

டாக்டர் படிப்பில் கடைசிக் கட்டத்தில் இருந்தாள். பரீட்சையில் தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

"முதல் தடவையிலேயேவா?"

"ஆமாண்ணே, முதல் தடவை! தங்கம்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "தங்கச்சிக்குத் தங்க மெடலாம்" என்று கத்தினேன். அதில் ஒருவர் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் நடையைக் கட்டினார். போனில் அந்தப் பக்கம் கார் ஹாரன், தகரம் தட்டுகிற சத்தம், யாரோ பெண்கள் பாடுகிற சத்தம். ஒரு பரீட்சைக்கு இவ்வளவு அமர்க்களமா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"மெடல் உனக்குத்தானே?"

"எனக்கு எதுக்குண்ணே குடுக்கறாங்க? நாட்டுக்கு! ஒலிம்பிக்ஸ்ல! நூறு மீட்டர்ல!"

"இந்தியாவுக்கா?"

"செயிண்ட் லூசியாவுக்கு!"

நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் என் தங்கை பல்கலைக்கழகத்திலேயே முதல் மாணவி என்று ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அதைத் திருத்திச் சொல்ல எனக்கு அன்றைய பொழுது முழுவதும் ஆனது. திருத்திச் சொன்ன பிறகும் சிலர், "சரி, ரெண்டுல ஏதோ ஒண்ணு தங்கம்தானே" என்று கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

செயிண்ட் லூசியா கரீபியன் கடலில் இருக்கிற ஒரு தீவு. தனி நாடு. எங்கள் திருவாரூர் மாவட்டத்துக்குள் தூக்கி வைத்தால் ஒரு பக்கமாக அடங்கிவிடும். தஞ்சாவூர் டவுனில் இருக்கிற ஜனங்கள்கூட அந்த நாட்டில் இல்லை. மருத்துவம் படிக்க என் தங்கை அங்கே போனபோது எங்கள் ஊரில் யாருக்கும் அப்படி ஒரு நாடு இருப்பதே தெரியாது. லூசியா என்பது ஒரு அம்மாவின் பெயர் என்றே நினைத்துக்கொண்டார்கள். மன்னார்குடி போகிற பஸ்ஸில் பார்க்கிறவர்கள், "தங்கச்சி நல்லாருக்கா? அந்த லூசியா அம்மா நல்லா பாத்துக்கிறாங்களா?" என்று விசாரிப்பார்கள். நாடு, தீவு, கடல் என்று விளக்கிப் பார்த்து அலுத்துப்போய், "நல்லா பாத்துக்கிறாங்க" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

அந்த ஒரு தங்கத்தோடு எல்லாம் மாறியது. உலகத்திலேயே வேகமாக ஓடுகிற பெண் லூசியாக்காரி என்று பேப்பரில் போட்டோவோடு வந்தது. டீக்கடையில் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கண்ணாடி அலமாரியில் ஒட்டினார்கள். நம்ம ஊர்ப் பெண் படிக்கிற ஊர் என்று ஒரு சொந்தம் வந்துவிட்டது. அந்த ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்கு ஒரு தங்கம்கூட வரவில்லை என்பதால் அந்தச் சொந்தம் கொஞ்சம் கூடுதலாகவே பாராட்டப்பட்டது.

இதில் முன்னால் நின்றவர் உரக்கடைக்காரர். எங்கள் ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழாக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். நான் செயலாளர். செயலாளர் வேலை என்றால் மைக் பிடிப்பது, மைதானத்தில் கோடு போடுவது, சண்டை வந்தால் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது. வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் வருஷா வருஷம் என் தலையில் விழும்.

கார்த்திகையில் தங்கை படிப்பை முடித்து ஊருக்கு வந்தாள். தை முதல் முகூர்த்தத்தில் மன்னார்குடியில் கல்யாணம் என்று நிச்சயமானது. மாப்பிள்ளை தஞ்சாவூரில் பல் டாக்டர். பத்திரிகை அடித்து வந்த அன்று தங்கை தயங்கித் தயங்கி, "அண்ணே, நான் தங்கியிருந்த வீட்டம்மா கல்யாணத்துக்கு வரேன்னு சொல்றாங்க. பொங்கலுக்கே வந்துடறாங்களாம்" என்றாள்.

என் மனைவிக்குத்தான் முதலில் கவலை வந்தது. "அவங்க என்ன சாப்பிடுவாங்க?"

"வாழைக்காயும் கருவாடும் இருந்தா போதும் அண்ணி. அதான் அவங்க நாட்டுச் சாப்பாடு."

"அட, அதுக்கா இவ்வளவு யோசிச்சேன்!" என்று மனைவி நிம்மதியாகி, கோடியக்கரைப் பக்கம் போகிற ஒருவரிடம் அன்றைக்கே கருவாட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

திருச்சி விமான நிலையத்தில் அவரைப் பார்த்தேன். அறுபதை நெருங்கிய அம்மா. நல்ல உயரம், நல்ல உடம்பு, பெரிய தோடு. ஒரு முழங்கால் சரியில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, எந்த அவசரமும் இல்லாமல் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டிப் போய், டாக்ஸி பிடித்து, ஊரே போய்ச் சேர்ந்திருப்பார்கள். தங்கையைக் கட்டிக்கொண்டு அழுது முடித்ததும் என்னைப் பார்த்து, "அன்னா" என்றார். தங்கை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர் என்னை அண்ணா என்கிறார். "வாங்கம்மா" என்றேன். அது அவருக்குப் புரிந்துவிட்டது.

ஊருக்குள் கார் நுழைந்ததும் ஜனங்கள் கூடிவிட்டார்கள். பெயர் எல்லாம் யாரும் கேட்கவில்லை. "லூசியாம்மா வந்துட்டாங்க" என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான், அதுவே பெயர். இத்தனை வருஷம் லூசியா ஆள் இல்லை, நாடு என்று நான் விளக்கியதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் பாழாய்ப் போனது.

அவர் கொண்டுவந்த பரிசுகளில் அவர்கள் நாட்டுக் கொடி ஒன்று இருந்தது. வானத்து நீலம், நடுவில் மஞ்சள், கறுப்பு, வெள்ளையில் முக்கோணங்கள். தங்கை அதை ஆசையாக வாசலில் கட்டிவிட்டாள். மறுநாள் காலை கட்சிக்காரர் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புதுசா எதுலயோ சேர்ந்திருக்கீங்க போல. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அது நாட்டுக்கொடிங்க. செயிண்ட் லூசியா."

அவர் கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. யாரோட கூட்டணி வைக்கப் போறாங்களாம்?" என்றார்.

உரக்கடைக்காரர் அன்று சாயந்திரமே வந்துவிட்டார். லூசியாம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, என்னிடம் மெதுவாகச் சொன்னார். "காணும் பொங்கலுக்கு இவங்கதான் சீஃப் கெஸ்ட். முடிவு பண்ணியாச்சு."

"இவங்க விளையாட்டு வீராங்கனை இல்லைங்க. போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க."

"அந்த நாட்டுக்காரங்கதானே?"

"ஆமா."

"அப்பறம் என்ன?"

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்து வாசலில் ஃப்ளெக்ஸ் நின்றது. லூசியாம்மா எங்கள் வீட்டில் கருவாடு சாப்பிடும்போது யாரோ எடுத்த போட்டோ. தட்டை மட்டும் வெட்டியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் "ஒலிம்பிக் தங்க மங்கை தேசத்தின் ஓட்ட வீராங்கனையே, வருக!" என்று இருந்தது. அதைப் பார்க்க அவரே வந்து நின்று, என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். என் இங்கிலீஷில் எப்படியோ சொல்லி முடித்தேன். தப்பாகப் போட்டுவிட்டார்கள், ஓட்ட வீராங்கனை என்பதை மறைத்துவிடுகிறோம் என்றும் சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஃப்ளெக்ஸ் கட்டிய சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கம்பு ஆடியது. "மறைக்காதீங்க! அப்படியே இருக்கட்டும். ஸ்கூல்ல எல்லா ரேஸ்லயும் நான்தான் கடைசி. என் டீச்சர் உயிரோட இருந்தா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவேன்" என்றார். பிறகு நிஜமாகவே அதன் முன்னால் நின்று, ஓடுகிற மாதிரி கையை மடக்கி வைத்துக்கொண்டு, தங்கையைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

காணும் பொங்கல் அன்று மைதானத்தில் நல்ல கூட்டம். கல்யாணப் பெண் வெயிலில் அலையக் கூடாது என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். "அண்ணன் இங்கிலீஷை நம்பி அவங்களை விட முடியாது அண்ணி" என்று தங்கை குடையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். அவளே மொழிபெயர்க்கலாம் என்றால், மைக் செயலாளரிடம்தான் இருக்க வேண்டும் என்பது உரக்கடைக்காரரின் சட்டம். ஆகவே லூசியாம்மா பேச, நான் தமிழில் சொல்ல, நான் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் தங்கை குடையை ஆட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

கிரிக்கெட்டிலிருந்து தொடங்கினார். "கிரிக்கெட்ல நாங்க எல்லாத் தீவும் சேர்ந்து வெஸ்ட் இண்டீஸ். அப்ப எங்களுக்குப் பக்கத்துத் தீவுக்காரன் அடிச்ச சிக்ஸரும் எங்க சிக்ஸர். ஆனா ஒலிம்பிக்ஸ்னு வந்துட்டா அவங்கவங்க கொடி, அவங்கவங்க பாடு. ஜமைக்காக்காரங்க ஓடி ஓடி மெடல் வாங்குவாங்க. நாங்க டிவியைப் பார்த்துக் கை தட்டுவோம். கை தட்டினதுல எங்களுக்கு மெடல் குடுத்திருந்தா எப்பவோ தங்கம்தான்."

குடை ஆடவில்லை. தைரியம் வந்தது.

"ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முந்தி முதல் தடவையா ஒலிம்பிக்ஸுக்கு ஆள் அனுப்பினோம். தொடக்க விழாவுல ஒவ்வொரு நாடா வரும். பெரிய நாடெல்லாம் வந்துக்கிட்டே இருக்கும், முடியவே முடியாது. எங்க ஆளுங்க ஒரு தும்மல் போடற நேரம்தான் டிவில தெரிவாங்க. அதனால எங்க வீட்டுல அந்த நேரத்துல யாரும் தும்மக் கூடாதுன்னு சட்டம். போன ஒலிம்பிக்ஸ்ல அணிவகுப்பைப் படகுல வச்சுட்டாங்க. மழை வேற. எது எங்க படகுன்னு தேடறதுக்குள்ள அது போயிடுச்சு."

உரக்கடைக்காரர் மேடையிலிருந்தே, "எத்தனை பேரை அனுப்பினாங்கன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். லூசியாம்மா மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்து, ஓரத்தில் நின்ற ஷேர் ஆட்டோவைக் காட்டினார். "அதுல எல்லாரும் வசதியா உட்காரலாம்."

பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. ஓட்டக்காரப் பெண்ணுக்கு முன்னால் வந்தவர்களைப் பற்றிச் சொன்னார். காமன்வெல்த் போட்டியில் கம்பூன்றித் தாண்டிய ஒருவர் நாட்டுக்கு முதல் வெண்கலம் கொண்டுவந்தார். பிறகு உயரம் தாண்டுகிற ஒரு பெண். வருஷக்கணக்கில் ஊர் ஊராகப் போய்த் தாண்டிக்கொண்டே இருந்தாள். காமன்வெல்த்தில் வெண்கலம் வாங்கினாள். விடாமல் இருந்து கடைசியில் தங்கமும் வாங்கினாள். ஒலிம்பிக்ஸில் இறுதிச் சுற்று வரை போனாள், மெடல் கிடைக்கவில்லை.

"அவ தாண்டும்போது நாங்க எல்லாரும் வீட்டுல இருந்தே காலைத் தூக்குவோம். நான் தூக்கினதுல ஒரு தடவை டீப்பாய் உடைஞ்சது" என்றார். "ஜனங்க இன்னிக்கு ஓட்டக்காரப் பொண்ணைப் பத்தித்தான் பேசறாங்க. பேசட்டும். ஆனா நாங்க நம்பக் கத்துக்கிட்டது அந்தத் தாண்டற பொண்ணுகிட்டதான்."

"தாண்டற பொண்ணு" என்று நான் சொன்னதற்குக் குடை லேசாக ஆடியது. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. நடவுக்கும் களையெடுக்கவும் போகிற பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள்.

கடைசியில் அந்த நாளுக்கு வந்தார். அங்கே மத்தியானம். தெருவில் டிவி இல்லாதவர்கள், இருந்தும் தனியாகப் பார்க்கப் பயந்தவர்கள் எல்லோரும் அவர் வீட்டுக் கூடத்தில். சின்ன வயதில் ஷூ இல்லாமல், பள்ளிக்கூட யூனிஃபார்மோடு ஓடிப் பழகிய பெண் உலகத்தின் வேகக்காரிகளுக்கு நடுவில் நிற்கிறாள். பாரிஸில் மழை.

"மழை" என்று நான் சொன்னதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. சம்பா அறுவடை நேரம். பாதி நெல் வயலில், மீதி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலாக. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தே சொன்னார்: "அவங்க ஊரு மழையை அதிகமா இழுக்க வேணாம்னு சொல்லுங்க. இங்க வானம் சரியில்ல."

லூசியாம்மா மழையை அதோடு விட்டுவிட்டார். "எனக்கு நிக்க முடியல. மண்டி போட்டு ஜெபம் பண்ணினேன். துப்பாக்கி வெடிச்சுது. நான் கண்ணைத் திறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஜனங்க கத்திக்கிட்டுத் தெருவுக்கு ஓடறாங்க. எனக்கும் ஓடணும். ஆனா முழங்கால் பிடிச்சுக்கிச்சு, எழுந்திருக்க முடியல. நாட்டுக்கே முதல் ஒலிம்பிக் மெடல், அதுவும் தங்கம். நான் மட்டும் தரையில மண்டி போட்டபடி இருக்கேன். யார் ஜெயிச்சாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. அப்ப இந்தப் பொண்ணு திரும்பி ஓடி வந்தா." என் தங்கையைக் காட்டினார். "அழுதுக்கிட்டே என்னைத் தூக்கி நிறுத்தி, 'ஜெயிச்சுட்டோம்'னு சொன்னா. அவ நாடு இல்லை அது. ஆனா 'ஜெயிச்சுட்டோம்'னுதான் சொன்னா. அதனாலதான் அவ கல்யாணத்துக்கு வந்திருக்கேன்."

இதை நான் எப்படித் தமிழில் சொன்னேன் என்று நினைவில்லை. குடை முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது, ஆடவில்லை.

அதற்குள் பின்னாலிருந்து, "லூசியாம்மாவை ஒரு ஓட்டம் ஓடிக் காட்டச் சொல்லுங்க!" என்று ஒரு குரல். ஃப்ளெக்ஸ் செய்த வேலை. அவர் முழங்காலைத் தட்டிக் காட்டிக் கையை விரித்தார். நானும் பேச்சை மாற்ற, "அடுத்ததாக மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி" என்று அறிவித்தேன்.

"அது என்ன?" என்றார்.

விளக்கினேன். யார் கடைசியாக வருகிறாரோ அவருக்கே பரிசு. கால் தரையில் பட்டால் அவுட். கோட்டை விட்டு வெளியே போனாலும் அவுட்.

அவர் என்னை நம்பவில்லை. தங்கையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். "கடைசியா வர்றவங்களுக்கா பரிசு? இப்படி ஒரு விளையாட்டை இத்தனை வருஷமா எங்ககிட்ட யாருமே சொல்லலையே!" என்று மேடையிலிருந்து இறங்க ஆரம்பித்தார்.

எனக்குப் பயம். தங்கைதான் சொன்னாள்: "விடுண்ணே. முழங்காலுக்கு சைக்கிள் ஓட்டுங்கன்னு நான்தான் சொன்னேன். தினமும் காலையில ஓட்டுவாங்க. அங்க தெருவெல்லாம் மேடு. அந்த மேட்டுல அவங்க ஏறுற வேகத்துக்கு நாயெல்லாம் அவங்களைத் தாண்டிப் போயிட்டு, என்ன ஆச்சுன்னு திரும்பிப் பார்க்கும்."

எங்கள் ஊரில் இந்தப் போட்டிக்கு ஒரே சாம்பியன், பால்காரர். வருஷா வருஷம் அவருக்குத்தான். இரண்டு பக்கமும் பால்கேனோடு சேற்றுப் பாதையில் ஓட்டுகிறவர். நிற்கிற சைக்கிளுக்கும் அவர் சைக்கிளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர் பால் கொண்டுவந்து சேர்க்கிற நேரத்தைப் பற்றி என் மனைவியிடம் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வாள். அவர் லூசியாம்மாவைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டித் தன் பக்கத்துக் கோட்டில் இடம் விட்டார். தங்கை தன் பழைய லேடீஸ் சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லி, சீட்டை உயர்த்தி, ஹேண்டில்பாரில் அந்த நீலக் கொடியைக் கட்டினாள்.

விசில் ஊதினேன். கல்லூரிப் பெண்கள் இருவர் பத்தடியிலேயே ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்தார்கள். டெய்லர் கோட்டைத் தாண்டினார். கொத்தனார் ஒருவர் காலை ஊன்றிவிட்டு, ஊன்றவில்லை என்று சண்டை போட்டார். கடைசியில் மைதானத்தில் இரண்டு பேர். பால்காரர், லூசியாம்மா. இருவரும் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, போகிறார்களா நிற்கிறார்களா என்று தெரியாமல் இருந்தார்கள். லூசியாம்மா பேசிக்கொண்டே ஓட்டினார். பால்காரரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அவர் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமாங்க, ரெண்டு மாடு" என்றார்.

அப்போதுதான் முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தது. கிழக்கே வானம் கறுத்திருந்தது. அறுத்த நெல் ரோட்டோரத்தில், களத்தில், கொள்முதல் நிலையத்தில். என் நெல்லும் ரோட்டில்தான் காய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "நான் படுதா போடப் போறேன், நீங்க முடிச்சுட்டு வாங்க" என்று ஓடினாள். அவளோடு பாதிப் பெண்கள். மீதிப் பேருக்குப் போகவும் வேண்டும்; ஆட்டம் முடியாமல் போகவும் மனசில்லை. ஒரு காலை எடுத்து வைப்பதும் திரும்பிப் பார்ப்பதுமாகத் தவித்தார்கள்.

இரண்டு சைக்கிளும் ஒரு முழம் நகர்ந்திருந்தன.

உரக்கடைக்காரருக்குக் கடையில் மூட்டைகள் வெளியில் அடுக்கிக் கிடந்தன. பொறுக்க முடியாமல் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, "ரெண்டு பேரும் சீக்கிரமா மெதுவாப் போங்க!" என்று கத்தினார். அவ்வளவு பேரும் சிரித்ததில் பதற்றம் கொஞ்சம் குறைந்தது. தூறல் குறையவில்லை.

யாரோ, "டாஸ் போட்டு முடிச்சிடுங்க" என்றார்கள். இன்னொருவர், "தள்ளி விட்டுடலாமா?" என்று என்னிடம் நிஜமாகவே கேட்டார். மண் நனைந்து வழுக்க ஆரம்பித்தது. பால்காரர் முகத்தில் மழைநீர் வழிந்து கண்ணுக்குள் போயிற்று. அவர் மாட்டுக்கு வாங்கிப் போட்டிருந்த வைக்கோலும் மூடாமல்தான் இருந்தது என்று பிறகு சொன்னார். அந்த நேரத்தில் அவர் வைக்கோலை நினைத்தாரா, கண்ணைத்தான் துடைக்கப் போனாரா தெரியாது, ஒரு கையை எடுத்தார். முன் சக்கரம் வழுக்கிற்று. இடது கால் தரையில் பதிந்தது.

லூசியாம்மா அதைக் கவனிக்கவே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, நனைந்த கொடி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொள்ள, அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தார். நான் விசிலை ஊதி, "செயிண்ட் லூசியா! முதல் பரிசு!" என்று மைக்கில் கத்தினேன். கேட்பதற்கு ஆள் இல்லை. விசில் ஊதியதுதான் தாமதம், மைதானம் முழுக்கப் படுதாவையும் தார்ப்பாயையும் தேடி ஓடியிருந்தது. உரக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடியதைப் பார்த்தேன். அவருக்கு ஒரு பரிசு கொடுத்திருக்கலாம்.

தங்கையும் நானும் லூசியாம்மாவும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தபோது என் மனைவி படுதாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு காற்றோடு போராடிக்கொண்டிருந்தாள். லூசியாம்மா மறுமுனையை வாங்கிக் குவியலின் மேல் இழுத்து, அதன் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அந்தப் படுதாவை எந்தக் காற்றாலும் தூக்க முடியவில்லை. மழை அரை மணிகூட நீடிக்கவில்லை. நெல் மேலே மட்டும் லேசாக நனைந்திருந்தது. மறுநாள் வெயிலில் காய்ந்துவிட்டது.

பரிசு கொடுக்காமல் விட்டதில் உரக்கடைக்காரருக்கு உறுத்தல். கல்யாண வரவேற்பன்று மன்னார்குடி மண்டபத்தில் மணமேடைக்கே எவர்சில்வர் குடத்தோடு வந்துவிட்டார். சும்மா கொடுத்தால் மரியாதையில்லை, ஒலிம்பிக்ஸில் செய்வது மாதிரி அவர்கள் தேசிய கீதம் போட வேண்டும் என்றார். கச்சேரிக்காரர்களின் மைக்கை வாங்கி, போனில் கீதத்தைத் தேடி எடுத்து ஸ்பீக்கரில் விட்டார்கள். சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். மந்திரி யாரோ வருகிறார் என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் வாசலுக்கு ஓடினார். மண்டபமே எழுந்து நின்றது, எதற்கு என்று தெரியாமலே.

லூசியாம்மா பட்டுப்புடவையில் நின்றார். கீதம் தொடங்கும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பாதியில் சிரிப்பு நின்றது. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரை சத்தமாகப் பாடினார். பால்காரர் இரண்டாம் பரிசான டிபன் கேரியரோடு பக்கத்தில் நின்றார். கீதம் முடிந்ததும் அவர் குனிந்து லூசியாம்மாவின் கையைக் குலுக்கினார். அவர் வேறு யாருக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை.

குடத்தைப் பெட்டியில் வைக்க இடமில்லை. விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாராம். இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், டிவி பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம், நாட்டின் மெடல் கணக்கில் இதையும் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று தங்கை சொல்கிறாள். அவள் தஞ்சாவூரில் வேலையில் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த பொங்கலுக்கு மழை இல்லை. பால்காரர் மறுபடி ஜெயித்தார். மறுநாள் காலை பாலோடு வந்தவர் வாசலிலேயே நின்றார். லூசியாம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டுமாம். வீடியோ காலில் கூப்பிட்டேன். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "அவருகிட்ட சொல்லுங்க, நான் தினமும் பிராக்டீஸ் பண்றேன். திரும்ப வருவேன்" என்றார்.

சொன்னேன். பால்காரர் போனையே பார்த்தார்.

"எப்ப வர்றாங்களாம்?"

"தெரியலைங்க."

"சைக்கிள் அவங்களே கொண்டுட்டு வருவாங்களா, நம்ம சைக்கிளா?"

அதுவும் தெரியவில்லை என்றேன். எதையோ கணக்குப் போட்டபடி தலையை ஆட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். என் மனைவி பால் சொம்போடு வாசலுக்கு வந்தபோது அவர் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். "ஏங்க, பால் ஊத்தவே இல்லையே!" என்று அவள் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

"நடந்தே போய்ப் பிடிச்சிடலாம்" என்றேன். அவள் சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.